அவர் திரும்புகிற இடம்

காரைக்கால் உப்புக்கிடங்குத் தெருவில் எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிரெஞ்சுப் படம் தமிழ்ப் பேச்சைக் கேட்டு நடக்க ஆரம்பித்தது என்று விசாரித்தால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். இட்லிக்கடை பட்டம்மாள் ஈஸ்டருக்கு முந்தின வாரம் என்பாள், ஜவுளிக்கடை மரைக்காயர் நோன்பு பிறந்த பிறகுதான் என்று அடித்துச் சொல்வார், இன்னும் சிலர் அது தங்கள் பிள்ளைக்குக் காது குத்திய அன்றைக்குத்தான் என்று காது குத்தியதையும் சேர்த்துப் பெருமையடித்துக்கொள்வார்கள். வீடியோ டெக்கு என்னுடையது, கேசட்டை உள்ளே தள்ளியது என் விரல், ஆகையால் என் தேதிதான் சரி. அது படம் போட ஆரம்பித்த நான்காவது ஞாயிறு, மணி மூன்றே கால்.

அந்தக் காலத்தில் நான் டெக்கும் டிவியும் வாடகைக்கு விடுகிறவன். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, பரீட்சை முடிந்த வீடு என்று மூன்று சக்கர வண்டியில் டிவியைப் போர்வை சுற்றி உட்காரவைத்து, டெக்கை என் மடியில் வைத்துக்கொண்டு போவேன். கலியமூர்த்தி என்று அப்பா வைத்த பேரைத் தெரு மறந்துபோய் டெக்குக் கலியன் என்றே கூப்பிட்டது. எனக்கும் அதில் வருத்தம் இல்லை.

லெயோனி அக்கா பிரெஞ்சுக்காரி. நிறத்தில் அல்ல, காகிதத்தில். அக்காவின் புருஷனுடைய தாத்தாவோ அவருக்கும் தாத்தாவோ ஏதோ ஒரு வருஷத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதால் அந்த வம்சம் முழுக்கப் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். பிரான்சில் தேர்தல் வந்தால் அக்கா பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, திரும்பி வந்து கருவாட்டுக் குழம்பு வைப்பாள். நாங்கள் கிண்டலாக மதாம் என்போம். அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது எவனாவது "அதியே மதாம்" என்று சொல்லிவிட்டால் போதும், கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

"அடேய், அது இனிமே பாக்கவே போறதில்லைங்குறவன் சொல்ற வார்த்தை. சாவு வீட்டுல சொல்றது. மறுபடி பாப்போம்னா ஓருவார்னு சொல்லணும். கன்னியாஸ்திரி அம்மா என் முட்டியில தட்டிச் சொல்லிக்குடுத்தாங்க."

பட்டம்மாள் அந்த ஏச்சை எத்தனை தடவை வாங்கியிருப்பாள் என்று கணக்கில்லை. "எங்க ஊட்டுல போறேன்னு சொன்னாலே அடி விழும், போயிட்டு வரேன்னுதான் சொல்லணும். நீ பிரெஞ்சுல அதையே சொல்ற, வேற என்ன?" என்பாள். ஆக, பிரெஞ்சில் மதாம் போக எங்கள் தெருவுக்கே தெரிந்த வார்த்தைகள் இந்த இரண்டுதான்.

அக்காவின் புருஷன் பேர் புரோஸ்பேர். தெருவில் யார் வாயிலும் அது நுழையாததால் பெரியபேரு என்று ஆக்கிவிட்டோம். அவர் பிரான்சுக்குப் போய் ஏழு வருஷம். வடக்கே ஏதோ குளிர் பிடித்த ஊரில் ஓட்டல் அடுப்படியில் வேலை, வீடு வாசல் அமைந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று வந்தது, பிறகு நின்றுபோனது. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும்போது லெயோனி அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் சைக்கிளை வேகமாக மிதிப்பார். ஒன்றரை வருஷம் இப்படிப் போன பிறகு, லீவில் ஊருக்கு வந்த ஒருவர் துண்டில் சுற்றிய ஒரு வீடியோ கேசட்டையும் ஒரு சின்னக் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போனார்.

கடிதம் தமிழில்தான் இருந்தது. அக்கா அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். "லெயோனி, இங்கே ஒரு படத்துக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் எடுத்தார்கள். நானும் நின்றேன். ரயில் நிலையக் காட்சி, மூன்றாவது வரிசை, நீ பின்னிக் கொடுத்த மப்ளர். ஊதல் ஊதியதும் நான் திரும்புவேன், பார்." அவ்வளவுதான். கீழே விலாசம் இல்லை.

திரும்புவேன் என்றால் முகத்தைத் திருப்புவாரா, ஊருக்குத் திரும்புவாரா என்று தெரு ஒரு வாரம் சண்டை போட்டது. சண்டை தீர வேண்டுமானால் படத்தைப் பார்க்க வேண்டும், படத்தைப் பார்க்க வேண்டுமானால் டெக்கு வேண்டும். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

அது ஓர் இருட்டுப் படம். சூரியனை ஒரு கிணற்றில் போட்டு மூடிவிட்ட ஊர், மூடிமேல் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற கூனல் கிழவி, அவளால் கொக்காகிவிட்ட தன் அம்மாவைத் தேடிக் கல் தெருக்களில் டொக் டொக்கென்று நடக்கிற, மரத்தால் கால் செய்த ஒரு சின்னப் பெண். படம் ஆரம்பிக்கும்போது அந்த ஊரைவிட்டு ஓடிப்போக இருநூறு பேர் கறுப்புக் கோட்டோடு ரயில் நிலையத்தில் நமக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். மூன்றாவது வரிசையில் மப்ளர் சுற்றிய முதுகு ஒன்று. ஊதல் ஊதும், ஊதின அடுத்த நொடி யாரும் திரும்புவதற்குள் படம் கிணற்றுக்குத் தாவிவிடும். பெரியபேரின் முகத்தை எங்கோ பிரான்சில் ஒருவன் கத்தரித்துத் தரையில் போட்டிருக்கிறான். போதாக்குறைக்கு, அந்த நாட்டுக் கேசட்டின் கலர் ஒரு வழி, நம் டெக்கின் கலர் வேறு வழி, இரண்டும் ஒட்டாமல் படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகவே ஓடியது. அக்கா முதல் ஞாயிறு அந்த முதுகைப் பதினாறு தடவை பின்னால் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். ஓட்டினேன்.

ஆனால் தெரு படத்தைப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கறி தின்ற களைப்போடு எல்லோரும் அக்கா வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள், ஜன்னலுக்குப் போர்வை கட்டுவோம், படம் ஓடும், அக்கா டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லுவாள். கிழவி நாலு வார்த்தை பேசினால் அக்கா நாற்பது சொல்லுவாள், பெண் நாற்பது பேசினால் "அம்மாவைக் காணலைங்குறா" என்று முடித்துவிடுவாள். பாஷை அப்படிப்பட்டது போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நான்காவது ஞாயிறு, மூன்றே கால் மணிக்கு, அக்கா வழக்கம்போல் "இப்ப செவப்புப் பாவாடை கட்டின அந்தப் புள்ள வருது" என்று சொன்னாள், பெண் வந்தது, பாவாடை சிவப்பாக இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. நான் டெக்கை நிறுத்தி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மறுபடி போட்டேன். பாவாடை சிவப்பாகவே இருந்தது. பட்டம்மாள் "நல்ல செவப்பு, சாயம் போகாது" என்றாள். அடுத்து அக்கா வாய் தவறி "கெழவிக்குப் பல்லு வலி" என்று சொல்ல, கிழவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சொல்தா அருளப்பனும் படம் பார்க்க வந்திருந்தார். சொல்தா என்றால் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்துவிட்டு வந்தவர், தெருவில் உண்மையாகவே பிரெஞ்சு தெரிந்த ஒரே மனிதர். கிழவி பேசியதையும் அக்கா சொன்னதையும் கேட்டுவிட்டு, "இவ என்ன சொல்றா, அவ என்ன பேசுறா" என்று வாய்விட்டுச் சிரித்தார். கூடம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மதாமுக்குப் பிரெஞ்சு தெரியாது. காகிதம் பிரெஞ்சு, ஓட்டு பிரெஞ்சு, நாக்கு மட்டும் உப்புக்கிடங்குத் தெரு. சொல்தா அக்காவையும் பார்த்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவியையும் பார்த்தார், தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என் பிரெஞ்சு பழசு. லெயோனி சொல்றதுதான் சரியா இருக்கும்" என்றார்.

அதன் பிறகு தெருவைப் பிடிக்க முடியவில்லை. அதிசயம் என்று யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அதற்கெல்லாம் நேரமில்லை, ஆளாளுக்கு விண்ணப்பம் இருந்தது. பங்குச் சாமியாரிடம் ஒருவன் போய் இது பாவமா என்று கேட்டதற்கு அவர், "வேதத்தையே மொழிபெயர்ப்புலதானேய்யா படிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதல் விண்ணப்பம் பட்டம்மாளுடையது. அவளுக்கு ஒரு கால் யானைக்கால். அதை இழுத்துக்கொண்டுதான் காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவாள். "எனக்குத்தான் இப்புடி. அந்தப் புள்ளைக்காச்சும் நல்ல காலா குடு தாயி" என்றாள். அக்கா கொடுத்தாள். டொக் டொக் சத்தம் நின்று, கல் தெருவில் வெறுங்கால் ஓடுகிற சத்தம் கேட்டபோது பட்டம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மறுவாரம் கொக்கு அம்மாவானது. அதற்கடுத்த வாரம் கிழவிக்குக் கூன் நிமிர்ந்தது, தனியாக இருந்ததால்தான் அவள் கெட்டவளானாள் என்று தெருவில் ஒரு கருத்து இருந்ததால் அவளுக்கு ஒரு தம்பியையும் ஏற்பாடு செய்தோம். மரைக்காயர் சூரியனைக் கேட்டார். "இத்தனை சனம் வெயிலில்லாம இருந்தா துணி எப்புடிக் காயும், லெயோனிம்மா?" என்றார். அக்கா மூடியைத் திறக்கச் சொன்னாள், கிழவி திறந்தாள், ஈரம் சொட்டச் சொட்டச் சூரியன் மேலே வந்தது, ஊரே கலர் ஆனது. அன்றைக்குக் கூடத்தில் பாயாசம் வைத்தார்கள்.

நான் டெக்குக்காரன், எனக்கு நேரம் தெரியும். முதல் ஞாயிறு ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் ஓடிய படம், பெண்ணுக்குக் கால் வந்ததும் ஒன்றரை மணி ஆனது, அம்மா கிடைத்ததும் ஐம்பது நிமிஷமானது, சூரியன் வந்த பிறகு அரை மணிகூட ஓடவில்லை. கஷ்டம் தீர்ந்த பிறகு கதைக்கு அங்கே என்ன வேலை? அதை நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ரயில் நிலையத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. வெயில் வந்த ஊரைவிட்டு எவன் ஓடுவான்? இருநூறு பேர் நின்ற இடத்தில் நூறு பேர் நின்றார்கள், அடுத்த வாரம் முப்பது பேர், வாராவாரம் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மப்ளர் முதுகு இன்னும் இருந்தது. அதுவும் போய்விட்டால் அக்காவுக்கு அந்த முதுகும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மொத வாரமே தெரியும் கலியா."

"அப்புறம் ஏன்க்கா விட்டீங்க? மறுபடி சூரியனைக் கெணத்துல போடச் சொல்லுங்க. படம் நீளமாயிரும், கூட்டமும் வந்துரும்."

"போன வாரம் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். பட்டம்மா அந்தப் புள்ள ஓடுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவ முன்னாடி எப்புடிடா மறுபடி மரக்காலை மாட்டுவேன்?"

"சரி, அப்ப அண்ணனைத் திரும்பச் சொல்லுங்க. எல்லாரும் ஆளுக்கொன்னு கேட்டாச்சு. நீங்க மட்டும் கேக்கலை."

அக்கா உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டாள். "திரும்பி, அது அவரு இல்லைன்னா?" என்றாள். பிறகு, "அவரா இருந்தா?" என்றாள். இரண்டாவதுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள் என்று எனக்குப் பட்டது. எனக்கு அக்காமேல் கோபமாகவும் இருந்தது, அவளுக்காக அழுகையாகவும் வந்தது. இரண்டையும் காட்டாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கேசட்டைப் போட்டபோது படம் பதினோரு நிமிஷம்தான் இருந்தது. ரயில் நிலையத்தில் வெயில் அடித்தது, பெஞ்சியில் ஒரு பூனை படுத்திருந்தது, மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் ஒற்றை ஆளாக மப்ளர் முதுகு நின்றது. கலர் வந்துவிட்டதால் மப்ளரின் நிறம் முதல்முறையாகத் தெரிந்தது. மாம்பழ மஞ்சள். "அது என் கடை நூலு" என்று மரைக்காயர் மெதுவாகச் சொன்னார். அத்தனை நாள் தெரு செய்துகொண்டிருந்த உபகாரம் என்ன என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பட்டம்மாள் தன் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஊதல் ஊதியது. கிணற்றில் ஒன்றும் நடக்காததால் படம் அங்கே தாவவில்லை, அப்படியே நின்றது. முதுகு ஒரு கையால் பெட்டியைத் தூக்கியது. அக்கா முக்காலியிலிருந்து எழுந்து, டிவிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்று, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க."

அவர் திரும்பினார். பெரியபேருதான். ஏழு வருஷத்தில் முன்தலை வழுக்கையாகிவிட்டது, மீசையை எடுத்துவிட்டார், கண்ணுக்குக் கீழே இருந்த மரு அங்கேயே இருந்தது. படத்து ஊரிலுள்ள எல்லார் வாயிலும் வார்த்தையைப் போட்ட அக்கா, அவர் வாயில் மட்டும் போடாமல், அவராக என்ன சொல்கிறார் என்று கேட்க நின்றாள். அவர் பேசினார். அந்தப் படத்துக்கு அதன் சொந்த வாயில் தெரிந்தது பிரெஞ்சு ஒன்றுதான், ஆகவே அவர் பிரெஞ்சில் பேசினார், நிறையப் பேசினார், நடுவில் ஒரு தடவை சிரித்தார், ஒரு தடவை கண்ணைத் துடைத்தார், ஒரு தடவை தனக்குப் பின்னால் யாரையோ காட்டுவதுபோலக் கையைக் காட்டினார், நானும் எட்டிப் பார்த்தேன், அங்கே வெயில்தான் இருந்தது. எனக்கு இந்தப் பக்கம் சொல்தா அருளப்பன் தொப்பியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது.

கடைசியில் பெரியபேரு சொன்ன ஒரு வார்த்தை மட்டும் கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்தது. அந்த வார்த்தைக்காக நாங்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் ஏச்சு வாங்கியவர்கள்.

"அதியே, லெயோனி."

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். சொல்தாவிடம் யாரும் கேட்கவில்லை. பட்டம்மாள்தான், அந்த வார்த்தைக்காக மற்ற எல்லோரையும்விட அதிகம் ஏச்சு வாங்கிய பட்டம்மாள்தான், ஒன்றுமே தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

"என்ன தாயி சொல்றாரு?"

அக்கா திரும்பினாள். ஒவ்வொரு முகமாக எங்களைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேங்குறாரு" என்றாள்.

"சரி, போயிட்டு வரட்டும்" என்றார் மரைக்காயர். "நல்லபடியா போயிட்டு வரட்டும்" என்றாள் பட்டம்மாள். கூடம் முழுக்க ஆளுக்கொரு தடவை அதைச் சொன்னது, சொல்தாவும் தொப்பிக்குப் பின்னாலிருந்து சொன்னார். பெரியபேரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து படத்தைவிட்டு வெளியே போனார். பூனை எழுந்து சோம்பல் முறித்தது. கேசட் நின்றது.

மறு ஞாயிறு டெக்கைக் கொண்டுபோக எனக்கு மனசில்லை. வெறும் ரயில் நிலையத்தை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்? ஆனாலும் கொண்டுபோனேன். அக்கா தலைக்குக் குளித்து மல்லிகைப்பூ வைத்திருந்தாள். கேசட்டைத் தள்ளினேன். ரயில் நிலையம் வெறுமையாகத்தான் இருந்தது, பூனைகூட இல்லை. பிறகு ஓரத்திலிருந்து பெட்டியோடு, மஞ்சள் மப்ளரோடு, அவர் வந்தார். படம் அக்காவின் தமிழைக் கேட்டு நடக்கிற படம், வரேன் என்று அவள் சொல்லியாகிவிட்டது, வராமல் என்ன செய்வார்? பெஞ்சியில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா தெருவில் நடந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னாள், தண்ணீர் வராதது, பட்டம்மாள் பேத்தி பாஸ் ஆனது, மீன் விலை. பதினோரு நிமிஷம் ஆனதும் அவர் எழுந்து அதே வார்த்தையைச் சொன்னார், அக்கா "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

இது நடந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பட்டம்மாள் இல்லை, மரைக்காயர் இல்லை. அன்றைக்குப் பெரியபேரு பிரெஞ்சில் என்னதான் பேசினார் என்று சொல்தா அருளப்பனிடம் நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன், கடைசித் தடவை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். "அதான் அவ சொன்னாளேடா, போயிட்டு வரேன்னு" என்றார். அதோடு அவரும் போய்விட்டார். இன்றைக்கு ஊரில் யாரிடமும் டெக்கு இல்லை, என்னிடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெல்ட்டும் ஹெட்டும் தேடிச் சென்னையில் பழைய சாமான் கடைகளில் நான் அலைந்த அலைச்சலை என் பெண்டாட்டியிடம் கேட்டால் தெரியும். அக்காவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, அவர் மட்டும் அதே முன்வழுக்கையோடு ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறார், மூன்று பதினொன்றுக்குப் போகிறார்.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், வந்து எங்களோடு இருங்கள் அப்பா என்று ஒவ்வொரு வருஷமும் டிக்கெட் எடுக்கப் பார்க்கிறான். அங்கே எல்லாம் இருக்கிறது, எனக்கும் பேரனைப் பார்க்க ஆசைதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் டெக்கை மூடி, மடியில் வைத்து ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால், அக்கா வீட்டு வாசலில் நின்று நான் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கிறேன்.

"போயிட்டு வரேன்க்கா."

சொன்ன பிறகு எப்படி வராமல் இருப்பது?